ரெண்டு ரவுட்டர் வைத்த வீடு

எங்கள் வீட்டு இன்டர்நெட்டைக் கெடுத்தது குரங்குகள்தான் என்று தெருவையே ஒரு மாதம் நம்பவைத்தவன் நான். செஞ்சியில் அது சிரமமான காரியமல்ல. மலையடிவாரத்தில் வீடு இருந்தால், காயவைத்த வடகம் காணாமல் போவது முதல் கேபிள் அறுந்து தொங்குவது வரை எல்லாப் பழியும் குரங்கின் மேல்தான். மறுத்துப் பேச அதற்கு வழியில்லை. ஆனால் அந்த மாதம் குரங்குகள் எதையும் தொடவில்லை. தொட்டதெல்லாம் நான்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டில் முதலாவதற்குத்தான் ஜனங்கள் அதிகம் சிரிக்கிறார்கள். எதிரி ஒரே மூச்சில் உள்ளே வந்துவிடாதபடி வாசலுக்குப் பின் ஒரு வளைவு, வளைவுக்குப் பின் இன்னொரு வாசல் என்று கோட்டையை எப்படிக் கட்டினார்கள் என்று இருபது வருடமாக விளக்கிக்கொண்டிருப்பவன், தன் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது சும்மா இருப்பானா?

கேபிள்காரர் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி, நாலு விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போனார். தெரு முழுக்க அதே பெட்டிதான். எல்லோர் வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் அது பூட்டா என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த வாரம்தான் பத்திரிகையில் ஆன்லைன் திருட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் படித்திருந்தேன். மறுநாளே விழுப்புரம் போய், ஆறு கொம்பு வைத்த ஒரு ரவுட்டர் வாங்கிவந்து கேபிள்காரர் பெட்டிக்குப் பின்னால் மாட்டினேன். அதில் ஃபயர்வால் என்று ஒன்று இருந்தது. அதற்குக் குறைவு, நடுத்தரம், உச்சம் என்று மூன்று நிலை. உச்சத்தில் வைத்தேன். நடுத்தரம் என்றால் என்ன என்று புரியாததுதான் காரணம். பாஸ்வேர்டாகச் செஞ்சியை ஆண்டவர்களின் முதலெழுத்துகளை வரிசைக்கிரமமாக வைத்தேன். வீட்டுக்கு வந்தவர் பாஸ்வேர்டு கேட்டால் கோனாரில் ஆரம்பித்து வெள்ளைக்காரன் வரை வந்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் நடுவிலேயே, "பரவால்ல சார், என் டேட்டாவே இருக்குது" என்று சொல்லிவிடுவார்கள்.

"வூட்ல இன்னா வைரமா வெச்சிருக்கிறோம்?" என்றாள் மனைவி.

செய்தி படிக்க, மின் கட்டணம் கட்ட, சமையல் வீடியோ பார்க்க என்று எதிலும் குறையில்லாமல் ஓடியது. குறை வந்தது என் தங்கையோடு பேச வேண்டி வந்தபோது.

தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். எனக்கு அடுத்தவள், தம்பிக்கு அக்கா. பதினோரு வருடம் முன்பு, தன்னோடு வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். அவர் நம் சாதி ஆள் இல்லை. நைனா, அதாவது எங்கள் அப்பா, என்னைக் கூப்பிட்டு, "இனிமே இந்த வாசப்படி மிதிக்க வேணாம்னு அதுகிட்ட சொல்லிடு" என்றார். போனில் சொன்னவன் நான். நைனா சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். "நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம்" என்பதை நானாகச் சேர்த்தேன். ஒரு வாக்கியம் தனியாக நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அம்மா இறந்த பிறகு என்னோடும் தம்பியோடும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆரம்பித்தாள். நைனா அடுத்த அறையில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரும் பேசமாட்டார், அவளும் கேட்கமாட்டாள். பிறகு நைனாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. உதடு அசையும், சத்தம் வராது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு, ஆடு கத்துவதுபோல இருக்கிறது என்று கையால் காட்டி, அதைப் பீரோவுக்குள் தள்ளிவிட்டார். எழுதிக் காட்டவும் வழியில்லை. தொண்டூர்ப் பக்கம் நிலக்கடலை போட்டு எங்கள் மூவரையும் படிக்கவைத்தவருக்கு எழுதத் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும்.

இந்த நிலையில்தான் தம்பிக்கு முப்பத்தேழாவது வயதில் பெண் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை கொடுத்தால் மட்டும் அழைத்ததாக ஆகாது. கொடுத்த கையோடு வீட்டுப் பெரியவர், "குடும்பத்தோட வந்துடணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருந்த பங்காளிகள் எங்கள் வகையறாவிலேயே உண்டு. தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியவள் மாப்பிள்ளையின் அக்கா. அவளுக்கு நாங்கள் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தோம்.

"வந்துதுண்ணா. பாத்தேன்," என்றாள் போனில். "நைனா பேரு அச்சுல இருக்குது. அச்சடிச்ச பேரு என்ன கூப்புடாது. போன்னு சொன்ன வாயே வான்னு சொல்லட்டும். அன்னிக்கே டிக்கெட் போடறேன்."

"அவரால பேச முடியாதும்மா. உனக்குத் தெரியாதா?"

"வாய் இருக்குது இல்ல? வீடியோ போடு. நைனா வாயப் பாத்து நான் புரிஞ்சிக்குவேன்."

அது வெறும் பேச்சல்ல. சின்ன வயதில் கிணற்றங்கரைக்கு நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அவள் வேலை. எனக்கும் அந்த வேலை உண்டு. கையில் புத்தகம் இருந்ததால் எனக்கு விலக்கு. அங்கே ஆயில் என்ஜின் ஓடும்போது காதில் எதுவும் விழாது. நைனா வாய்க்காலின் அந்தப் பக்கம் நின்று வாயசைப்பார், இவள் இந்தப் பக்கம் நின்று பதில் வாயசைப்பாள். பொழுது சாயும்வரை இருவரும் சத்தமில்லாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் நைனாவின் உதட்டைப் படிக்கத் தெரிந்தவர்களில் முதல் ஆள் அவள்தான். படம் மட்டும் தெளிவாக வந்தால் போதும்.

படம்தான் வரவில்லை.

முதல் ஞாயிறு நைனாவுக்குச் சவரம் செய்து, கழுத்துத் துணியை மாற்றி, என் லேப்டாப்பின் முன்னால் உட்காரவைத்தேன். தங்கை தெரிந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நைனா திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணா, நைனா எங்க?" என்றாள் அவள்.

"எதுருலதானே உக்காந்துக்குனு இருக்கிறாரு!"

"எனக்குக் கட்டம் கட்டமாத் தெரியுது. மூஞ்சே இல்ல. உன் குரல் மட்டும் நல்லா கேக்குது."

என் குரல் நன்றாகக் கேட்டு யாருக்கு என்ன பயன்?

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரே கதவிலக்கத்தில் ஆறு குடித்தனம் இருக்கும் வளவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒரே வாசல்தான் தெரியும். யார் வீட்டு ஆள் வெளியே போய் யாரைக் கூப்பிட்டது என்று வாட்ச்மேன் குறித்துவைத்திருந்தால்தான், வந்தவரைச் சரியான வீட்டுக்கு அனுப்புவார். ரவுட்டர் அந்த வாட்ச்மேன். நான் ஒரு வாட்ச்மேனுக்குப் பின்னால் இன்னொருவரை நிறுத்தி, இரண்டாமவரிடம், "யாரையும் நம்பாதே, யாரையும் விடாதே" என்றும் சொல்லிவைத்திருந்தேன். வீடியோ கால் முதலில் நேர் வழியில் போகப் பார்க்கும். வழி சாத்தியிருந்தால் எங்கோ இருக்கும் வேறொரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுற்றில் குரல் பிழைத்துக்கொள்ளும், அது ஒல்லி. படம் தடியானது. அவள் படம் எப்படியோ உள்ளே வந்துவிட்டது, எங்கள் படம் வாசலிலேயே மாட்டிக்கொண்டது.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. அதனால்தான் குரங்கு.

தம்பி ஒரு யோசனை சொன்னான். வீட்டுக்குள் மலை மறைத்து மொபைலில் ஒரு புள்ளிதான் காட்டும். "நைனாவ வண்டில உக்கார வெச்சி பனமலை ரோட்டுக்குக் கூட்டிக்கினு போலாம்ணா. அங்க டவர் ஃபுல்லா இருக்குது. ஒரு அஞ்சு நிமிஷம், மரத்தடில நின்னு பேசிட்டு வந்துடலாம்."

"தொண்டையில ஓட்டையோட இருக்கிறவர ரோட்டுப் புழுதில நிறுத்துவியா?" என்றேன்.

"அப்ப கேபிள்காரரக் கூப்புடு."

"அவருக்கு இன்னா தெரியும்? பொட்டி மாட்டத் தெரியும். நானே பாக்கிறேன்."

புழுதியைப் பற்றிய என் கவலை உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, ஆறு கொம்பு ரவுட்டரை வாங்கியவன் தோற்றுப்போய் மரத்தடிக்குப் போவதா என்பது.

இரண்டாவது ஞாயிறும் கட்டம்தான். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். இன்று சொன்னால்தான் அவளால் லீவு கேட்க முடியும். தம்பி பத்திரிகை வைக்கப் போயிருந்தான். மனைவி சமையலறையில். நானும் நைனாவும் மட்டும்.

"பரவால்லண்ணா," என்றாள் தங்கை. அவள் குரலில் ஒரு இறக்கம் தெரிந்தது. "நைனா சொல்லட்டும். நீ பாத்து அப்படியே சொல்லு. ஒரு வார்த்த மாத்தாம சொல்லு."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்தார். அவ்வளவு தெளிவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. முட்டாளுக்கும் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது.

அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. தப்புன்னு அப்பவே தெரியும். வூட்டுக்காரரயும் கூட்டிக்கினு வா. நீ வந்து முடிச்சு போட்டாதான் எனக்கு அது கல்யாணம்.

நான் வாயைத் திறந்தேன். "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வரச் சொல்றாரு," என்றேன்.

"இவ்ளோ நேரம் எடுத்துச்சே. அவ்ளோதான் சொன்னாரா?"

"அவ்ளோதான்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று நான் பல விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவனுக்குச் சுருக்கும் பழக்கம் என்று எழுதியபோது படிக்க நன்றாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். விஷயம் இதுதான். நைனா சொன்ன ஒரு வாக்கியம் தப்பு என்றால், அதோடு நான் சேர்த்த வாக்கியம் என்ன ஆவது? அவர் தப்பென்று சொல்லிவிட்டுக் கரையேறிவிடுவார். நான் மட்டும் தண்ணீரில் நிற்பேன். "தப்பு" என்ற சொல்லை அவருக்காகக்கூட என் வாயால் சொல்ல வரவில்லை.

நைனாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். திரும்பி என்னைப் பார்த்தார். முழங்காலில் இரண்டு முறை தட்டி வாயசைத்தார். மீதியச் சொல்லு.

"இது நைனா கூப்புடுற மாதிரி இல்லண்ணா. நீ கூப்புடுற மாதிரி இருக்குது," என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனா மறுபடி தட்டினார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

"லைன் போச்சு நைனா," என்றேன். "இந்த நெட்டே இப்படித்தான்."

லைன் போகவில்லை. அன்றைக்கு அது ஒரு மணி நேரம்கூட நின்றிருக்கும்.

அடுத்த நாட்களில் நைனா என்னோடு பேசிய ஒரே விஷயம் ரவுட்டர். காலையில் நான் சட்டை போடும்போது பெட்டியைக் காட்டுவார். சாயந்திரம் வந்தால் மறுபடி காட்டுவார். பகல் முழுக்க அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எத்தனை விளக்கு பச்சை, எத்தனை சிவப்பு என்று பார்த்துக்கொண்டிருப்பதாக மனைவி சொன்னாள். நான் சொல்லாமல் விட்டதைத் தம்பியிடமோ என் மனைவியிடமோ அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே சரிசெய்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

நானும் சரிசெய்வதுபோல நிறையச் செய்தேன். ரவுட்டரை அலமாரி மேல் வைத்தேன், ஜன்னலில் வைத்தேன். ஊர் பேர் தெரியாத ஆட்கள் எழுதிய அறிவுரைகளைப் படித்து, எந்தெந்த எண்ணுள்ள வாசலைத் திறக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்ததோடு சரி. ஃபயர்வாலை உச்சத்திலிருந்து கீழே இறக்க வேண்டும் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மூன்றையும் படித்தேன். படம் தெளிவாகிவிட்டால் நைனா முதலில் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஏங்க, கோட்டையப் புடிச்சிட்டீங்களா?" என்று மனைவி தோசை திருப்பிக்கொண்டே கேட்பாள். "பாவம் மாமா, கண்ணு பூத்துப்போவுது."

"மொட்ட மாடில குரங்கு கேபிள மென்னிருக்குது."

"குரங்கு குரங்குன்றீங்க. ஒண்ணையாவது புடிச்சி விசாரிச்சீங்களா?"

தங்கை மறுவாரம் தம்பிக்குப் போன் செய்து லீவு கிடைக்கவில்லை என்றாள். அவன் அதை நம்பினான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மூன்றாவது முடிச்சைச் சித்தப்பா மகள் போட்டாள். அவள் நல்ல பெண், ஆனால் முடிச்சு ஒரு முறை அவிழ்ந்துபோய், மறுபடி போட்டாள். எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தபோது நைனா மட்டும் அட்சதையைக் கையிலேயே மூடிவைத்திருந்தார். வீடியோக்காரர் அவர் பக்கம் கேமராவைத் திருப்பினார். நைனாவின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று அந்த வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான் அந்த இடத்தை ஓட்டிவிடுவேன்.

கல்யாணம் முடிந்து இரண்டாவது ஞாயிறு காலையில் தம்பி என்னைக் கேட்காமல் கேபிள்காரரைக் கூட்டிவந்தான். என் வயதுக்காரர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பொட்டிக்கு மேல பொட்டி?"

"பாதுகாப்புக்கு."

"யாருக்கு?" என்றார் சிரிக்காமல். பிறகு ஆறு கொம்பு ரவுட்டரின் செட்டிங்கைத் திறக்கச் சொன்னார். நான் ஆண்டவர்களை வரிசையாகத் தட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "எல்லாத்தயும் மூடி வெச்சிருக்கிறீங்க. அப்பறம் எதுவும் வரல எதுவும் போவலன்னா எப்பிடி வரும், எப்பிடி போவும்? போன மாசமே ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனே சார். கல்யாண வூடாச்சே," என்றார்.

என் ரவுட்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். தன் பெட்டியில் ஒரு வயரைச் சொருகினார். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. குரங்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மத்தியானம் தங்கையைக் கூப்பிட்டோம். தம்பியும் அவன் மனைவியும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு நகர்ந்தார்கள். நான் லேப்டாப்பைச் சரிசெய்கிற சாக்கில் நைனாவின் தோள் பக்கத்திலேயே நின்றேன்.

"தெரியுதா?" என்றேன்.

தங்கை திரைக்குக் கிட்டே வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எளச்சிட்டியே நைனா," என்றாள்.

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் போலவே ஒவ்வொரு வார்த்தையாக ஆரம்பித்தார். அவள் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். சரியாகப் புரிந்ததா என்று பார்க்க.

"அன்னிக்கு... நான் சொன்னது... தப்பும்மா." நிறுத்தினாள். நைனா தலையாட்டினார். "தப்புன்னு அப்பவே தெரியும். வூட்டுக்காரரயும்..." அதோடு விட்டுவிட்டாள். "நைனா, இத ஒரு மாசம் முந்தி நீ சொல்லியிருந்தா நான் பறந்து வந்திருப்பேனே."

நைனா வாயசைத்தார். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

"அன்னிக்கே சொன்னேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கையின் கண் நைனாவிடமிருந்து மேலே நகர்ந்து என்மேல் வந்தது. படம் அவ்வளவு தெளிவு. நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வகுப்பில் ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறவன் நான்.

"அண்ணா," என்றாள் கடைசியில், சாதாரணக் குரலில். "கொஞ்சம் தள்ளிக்கோ. நைனா மூஞ்சில உன் நிழல் வுழுது."

தள்ளிக்கொண்டேன்.

அவள் ஏன் என்று இதுவரை என்னைக் கேட்கவில்லை. அடுத்த வருடம் வருகிறாள் என்று தம்பி சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. நைனாவுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுக்கச் சொல்லி, நேராக அதில் வருகிறாள். அவர் அதைச் செம்பில் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் அடுத்த அறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன். அவள் பேசுவது மட்டும் கேட்கும். நைனா பேசுவதற்குச் சத்தம் கிடையாது. அவள் சிரிப்பாள், "ஐயோ நைனா" என்பாள், திட்டுவாள், கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, மறுபடி சிரிப்பாள்.

போன வாரம் அப்படி ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகு, "வுடு நைனா, அது அப்படித்தான்" என்றாள். என்ன கேட்டார், எதைப் பற்றி, யாரைப் பற்றி என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கதவோரம் நின்றிருந்தால் அவர் உதட்டைப் பார்த்திருக்கலாம். நான் அடுத்த பேப்பரை எடுத்தேன்.